அஷ்டமியில் நட்ட தொழுவம்

கார்த்திகை பிறப்பதற்குள் தண்ணீர் ஏறாத ஒரு தொழுவம் எழும்பியாக வேண்டும். இல்லையென்றால் அம்மிணியை மாடு வாங்குகிற இடக்கொச்சிக்காரர் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும். இருளாயிக்கும் அவள் வீட்டுக்காரர் முத்துராமலிங்கத்துக்கும் நடுவில் பேச்சு இப்படித்தான் முடிந்திருந்தது. அம்மிணி அவர்கள் வீட்டுப் பசு. சிவப்பும் வெள்ளையும் கலந்த உடம்பு, நெற்றியில் திருநீறு பூசினாற்போல ஒரு பட்டை. வயிற்றில் கன்று இருந்தது. அதற்கும் கார்த்திகையில்தான் மாதம் நிறைகிறது.

மட்டாஞ்சேரியில் தோட்டை ஒட்டி அவர்கள் வீடு. தோடு என்றால் இங்கே வாய்க்கால். வீட்டுப் பின்சுவருக்கும் தோட்டுக்கும் நடுவில் பாய் விரித்தாற்போல ஒரு துண்டு மண். அதில்தான் பழைய கொட்டகை இருந்தது. மழைக்காலத்தில் வருகிற தண்ணீரைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. அது வந்த வழியே போய்விடும். ஊர்க்காரர்கள் விருச்சிகம் என்று சொல்கிற கார்த்திகையில் வருவதுதான் பொல்லாத தண்ணீர். வானத்தில் பொட்டு மேகம் இருக்காது. ஆனால் கடல் பொங்கி, தோட்டு வழியாக ஏறி, விடிகிற நேரத்தில் முற்றத்தில் வந்து நிற்கும். அத்தனையும் உப்பு.

போன வருஷம் அப்படி ஏறிய தண்ணீரில்தான் அம்மிணி கன்று போட்டது. ஈரத்தில் விழுந்த கன்று எழுந்து நிற்கவே இல்லை. தாய்க்கும் குளம்பு அழுகிப்போய், வைத்தியம் பார்த்துத் தேற்றுவதற்குள் தை பிறந்துவிட்டது. முத்துராமலிங்கம் கல்நெஞ்சுக்காரர் இல்லை. யூதர் தெருவான ஜூ டவுனில் மிளகுக் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர். தோளில் எத்தனை பாரம் ஏற்றினாலும் முகம் சுளிக்காதவர். அந்தக் கன்றைச் சாக்கில் சுற்றி எடுத்துப் போன அன்றைக்கு மட்டும் அவர் சோறு தின்னவில்லை. இன்னொரு தடவை இதைத் தன்னால் பார்க்க முடியாது என்று அவர் இருளாயியிடம் சொன்னார். அதனால்தான் கெடுவுக்கு ஒப்புக்கொண்டாள்.

இருளாயி மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்க்கிறாள். மாமனார் காலத்தில் தேனிப் பக்கத்திலிருந்து வந்து இந்த வேலையில் சேர்ந்த குடும்பம். வெயில் ஏறுவதற்கு முன்னால் ஜூ டவுன் தெருவைப் பெருக்கி முடிப்பாள். பழம்பொருள் கடை வாசலில் கிடக்கிற வைக்கோலும் காகிதமும், கிட்டங்கி வாசலில் சிந்திய சுக்கும் ஏலத்தொலியுமாகத் தினமும் தெருவே மணக்கும். அதற்கும் முன்னால் பால் கறந்திருப்பாள். முதல் செம்புப் பால் கிருஷ்ணன் கோயிலுக்கு, மிச்சம் சாயாக்கடைக்கு. பால் கொடுத்துவிட்டுக் கோயில் நடையில் ஒரு கணம் நிற்பாள். அவளுக்கு வேண்டுதல் சொல்லத் தெரியாது. "பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவாள்.

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள். ஆனாலும் சுவரில் தொங்குகிற தேதித்தாளை எழுத்துக் கூட்டி நன்றாகப் படிப்பாள். வருஷா வருஷம் நாத்தனார் ஊரிலிருந்து கொண்டுவந்து தருகிற தமிழ்த் தேதித்தாள் அது. நல்ல நேரம், ராகு காலம், வளர்பிறையா தேய்பிறையா எல்லாம் பார்த்துத்தான் அவள் வீட்டில் பால் காய்ச்சுவதிலிருந்து பாய் மாற்றுவது வரைக்கும் நடக்கும். மகள் மாதுரிக்கு மலையாளம் படிக்க வருகிற அளவுக்குத் தமிழ் வராது. அவள் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். "அம்மா தேதித்தாளைக் கேக்காம தும்மக்கூட மாட்டா" என்று கேலி செய்வாள்.

தொழுவத்துக்குக் கொத்தனாரை அழைத்துக் காட்டியபோது அவர் அஸ்திவாரம், கான்கிரீட், கம்பி என்று ஆரம்பித்தார். கேட்கக் கேட்க முத்துராமலிங்கத்தின் முகம் வாசல் பக்கம் திரும்பிவிட்டது. அது அவர்கள் கைக்கு எட்டுகிற காரியம் இல்லை. அந்த மண்ணில் கம்பி துருப்பிடித்து வெடிக்கும் என்று கொத்தனாரே சொல்லிவிட்டும் போனார்.

இருளாயி வேறு மாதிரி யோசித்தாள். நாலு பக்கமும் கம்பு நட்டு, கம்புகளின் அடியை உள்பக்கமாகப் பலகையால் அடைத்து, நடுவில் கல்லும் ஓட்டுத்துண்டும் கொட்டி மேடாக்கி, மேலே தகரம் போட்டால் போதாதா? சுவர் வேண்டாம். காற்று வந்து போகட்டும். தண்ணீர் வந்தாலும் மேட்டைச் சுற்றிக்கொண்டு போகட்டும். கொட்டுவதற்கு ஓட்டுத்துண்டு கிட்டங்கித் தெருவில் சும்மா கிடக்கிறது. பழைய கட்டடம் பிரிக்கிறவர்கள் யாராவது எடுத்துப் போனால் சரி என்று இருக்கிறார்கள்.

அளவு எடுத்ததுதான் வேடிக்கை. அவள் நாடாவைத் தொடவில்லை. அம்மிணியை அந்த மண்ணில் கட்டிவிட்டு, அது அசைபோட்டுப் படுக்கிற வரைக்கும் காத்திருந்து, அதைச் சுற்றிச் சாம்பலால் கோடு போட்டாள். பசு எழும்போது முதலில் பின்காலை ஊன்றி, தலையை முன்னால் தள்ளித்தான் எழும். அந்தத் தலை எங்கே வரை போகிறது என்று பார்த்து அங்கே ஒரு கோடு. திரும்பி நிற்க ஓர் இடம். பக்கத்தில் கன்று படுக்க ஒரு வட்டம். அந்த வட்டத்தைப் போடும்போது மட்டும் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டாள். கோடுகளின் மூலைகளில் விளக்குமாற்று ஈர்க்கைக் குத்தினாள். எட்டு ஈர்க்கு. எட்டுக் கம்பு போதும்.

கம்புக்குத் தோப்பும்படிக்குப் போனாள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் படகு பழுது பார்க்கிற சிஜு என்கிற தச்சன், மாதுரியின் சிநேகிதிக்கு அண்ணன். பழைய படகுகளைப் பிரித்த பலகையும், கரையில் நின்று மீன் அள்ளுகிற சீனவலைக்கு இரும்புக் குழாய் போட்டபோது கழற்றிய மரக்கம்புகளும் அவன் பட்டறை வாசலில் குவிந்து கிடந்தன. உப்புத் தண்ணீரிலேயே பல வருஷம் நின்ற மரம் அது. இனி ஒரு பூச்சியும் அதைத் தொடாது என்று சிஜு சொன்னான். நல்லதாக எட்டைத் தானே பொறுக்கிக் கொடுத்தான். அடிப்பக்கத்தில் படகுக்குப் பூசுகிற முந்திரிக்கொட்டை எண்ணெயைத் தடவியும் தந்தான். ஓணத்துக்குப் பெண்டாட்டி வீட்டுக்குப் போய்விட்டு வந்து நட உதவுகிறேன் என்றான். அத்தனை நாள் பொறுக்க இருளாயிக்கு மனம் வரவில்லை. தேதித்தாளில் திருவோணத்துக்கு மறுநாள் அருமையான வளர்பிறை முகூர்த்தம் இருந்தது.

அன்றைக்கு விடிந்ததும் குளித்து, ஈசானிய மூலையில், அதாவது தோட்டுக்குப் பக்கத்து மூலையில் முதல் குழி. முத்துராமலிங்கம்தான் தோண்டினார். வறண்ட ஊரில் பிறந்தவரின் பிள்ளை அவர். கம்பு எவ்வளவு ஆழமோ அவ்வளவு உறுதி என்று அப்பன் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர். முழங்கை ஆழத்திலேயே குழியில் தண்ணீர் ஊறியது. அவர் இன்னும் தோண்டினார். தண்ணீரும் இன்னும் வந்தது. நேரம் தாண்டிவிடக் கூடாது என்று இருளாயி அவசரப்படுத்தினாள். கம்பின் தலையில் மாவிலையும் மஞ்சள் துணியும் கட்டி, குழியில் நவதானியமும் ஒரு நாணயமும் போட்டு, அம்மிணியின் பாலைக் கொஞ்சம் ஊற்றி, கம்பை இறக்கினார்கள். சுற்றிலும் மண்ணைத் தள்ளி மிதித்தார்கள். கம்பு நின்றது. மாதுரி கைப்பேசியில் படம் எடுத்தாள்.

சாயங்காலம் பார்த்தபோது கம்பு கொஞ்சம் சாய்ந்திருந்தது. மறுநாள் காலையில் மாவிலையும் மஞ்சள் துணியுமாகத் தோட்டுக்குள் தலை வைத்துப் படுத்திருந்தது.

இருளாயி குழியின் விளிம்பில் போய் உட்கார்ந்தாள். முகூர்த்தக்கால் விழுவதைவிடக் கெட்ட குறி வேறு என்ன இருக்கிறது? தொழுவம் வேண்டாம் என்று சாமியே சொல்கிறாரா? முத்துராமலிங்கம் குறியைப் பற்றிப் பேசவில்லை. அவருக்கு ஆத்திரம் தேதித்தாள் மேல்.

"நல்ல நாளு, நல்ல நாளுன்னு சொல்லி நாலு பேரு சிரிக்கிற மாதிரி ஆயிருச்சு. அந்தத் தாளைக் கிழிச்சு அடுப்புல போடு" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "இந்த மண்ணுல எதுவும் நிக்காது புள்ள. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை இடக்கொச்சிக்காரரை வரச் சொல்லியிருக்கேன். சும்மா வந்து பாக்கட்டும்" என்றார்.

சும்மா பார்க்க யாரும் கயிறு கொண்டுவர மாட்டார்கள் என்று இருளாயிக்குத் தெரியும். வேலைக்குப் போனாள், வந்தாள், பால் கறந்தாள். கோயில் நடையில் அன்றைக்கு "பாத்துக்க" என்றுகூடச் சொல்ல வரவில்லை. கை கூப்பிவிட்டு வந்துவிட்டாள்.

அந்தக் குழியை மட்டும் அவள் மூடவில்லை. பால் ஊற்றிய குழியில் எப்படி மண்ணைத் தள்ளுவது? தெரு பெருக்கிவிட்டு வந்ததும் அம்மிணியைத் தோட்டோரம் மாற்றிக் கட்டுவது அவள் வழக்கம். அப்போதெல்லாம் கண் தானாகக் குழிக்குப் போகும். முதலில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் ஒரு சாண் இறங்கியிருந்தது. அம்மிணி குடித்திருக்குமோ என்று நினைத்தாள். உப்புத் தண்ணீரை அது மோந்துகூடப் பார்க்காது. அதற்கும் அடுத்த நாள் இன்னும் இறங்கியது. நடுவில் ஒரு நாள் நல்ல மழை கொட்டியது. அப்போதும் குழித்தண்ணீர் ஏறவில்லை, இறங்கவே செய்தது. ஒரு காலையில் பார்த்தால் குழியின் அடியில் சேறும், சேற்றில் அவள் போட்ட நாணயமும்தான் தெரிந்தன. மழை பெய்தும் வற்றுகிற குழியை அவள் இதுவரை பார்த்ததில்லை.

பேருந்து பிடித்துத் தோப்பும்படிக்குப் போனாள். சிஜு ஓணம் முடிந்து வந்திருந்தான். நடந்ததை எல்லாம் அவள் சொல்லச் சொல்ல அவன் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"எந்த நாளில் சேச்சி குழி எடுத்தது?"

"திருவோணத்துக்கு மறுநாளு. வளர்பிறை. நல்ல முகூர்த்தம்."

"முகூர்த்தம் உங்களுக்கு மட்டுமா? கடலுக்கும் அது நல்ல நாளாக்கும். பௌர்ணமி பக்கத்தில் வர வர அதுக்குப் பெலம் கூடும். தோட்டில் வெள்ளம் கேறும், தோட்டோரத்து மண்ணுக்கு அடியிலும் கேறும். அன்னிக்குக் குழி எடுத்தால் கிணறுதான் கிட்டும்." அவன் விரலை மடக்கிக் காட்டினான். "எட்டாம் பக்கம் வரணும் சேச்சி. அன்னிக்குக் கடல் சோம்பேறி. ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. நாங்க படகை மேலே வைத்து அடியில் முட்டுக்கால் கொடுக்கிறது அப்பத்தான். ஓணத்தன்னிக்கே போனில் ஒரு வாக்கு கேட்டிருந்தால் பறஞ்சிருப்பேனே."

எட்டாம் பக்கம் என்றால் அஷ்டமி. வீட்டுக்கு வந்து இருளாயி தேதித்தாளைத் தூக்கிப் பார்த்தாள். நாளை மறுநாள், வெள்ளிக்கிழமை அஷ்டமி. அந்தத் தாளில் முகூர்த்தம் என்ற சொல்லே இல்லை. அஷ்டமியில் அவள் புதுத் துடைப்பம்கூட வாங்க மாட்டாள். அவளுடைய அம்மா அஷ்டமியில் பயணம் கிளம்பியவர்களைத் தெருமுனை வரை ஓடிப்போய்த் திருப்பி அழைத்து வந்தவள். இதுநாள் வரைக்கும் நல்ல நாளாகப் பார்த்துப் பார்த்துத்தான் கிணறு தோண்டியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அஷ்டமியை விட்டால் அடுத்த தோது பதினைந்து நாளைக்குப் பிறகு. ஞாயிற்றுக்கிழமை அதற்கு முன்னால் வந்துவிடும்.

தாளையே பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு, அதன் அடியில் சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தது கண்ணில் பட்டது. கோகுலாஷ்டமி. இங்கே அஷ்டமி ரோகிணி என்பார்கள். கோயிலில் அதற்காகத்தான் தோரணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவளே காலையில் அந்தக் குருத்தோலைக் கழிவைப் பெருக்கித் தள்ளியிருக்கிறாள். பிறகு வாசலுக்கு வந்து, சாயா குடித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம் வெள்ளிக்கிழமை கால் நடலாம் என்றாள்.

தேதித்தாளை அடுப்பில் போடச் சொன்ன மனிதருக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது.

"ஏ புள்ள, புத்தி கெட்டுப்போச்சா? அஷ்டமியில போயி யாராச்சும் கால் நடுவாங்களா?"

மாதுரி உள்ளேயிருந்து, "அடுப்பை எப்ப அப்பா பத்த வைக்கட்டும்?" என்று கேட்டாள்.

இருளாயி சிரிக்கவில்லை. "மாடு மேய்ச்சவன் பொறக்கறதுக்குன்னு தேடிப் புடிச்ச நாளுங்க அது. மாட்டுக் கொட்டாய்க்கு ஆகாதுன்னா வேற எதுக்கு ஆகும்?"

"அஷ்டமியில பொறந்துதான் ஜெயில்ல பொறந்தான். அதையும் நெனச்சுக்க."

"ஜெயில்லதான் பொறந்தான். அன்னிக்கே ஆத்தைத் தாண்டியும் போயிட்டான்." அவள் குரல் தாழ்ந்துவிட்டது. "தண்ணி வழி விட்ட நாளுங்க."

முத்துராமலிங்கம் சாயாவைக் குடித்து முடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். பிறகு மண்வெட்டிக்குக் காம்பு ஆடுகிறது, ஆப்பு வைக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு எழுந்துபோனார்.

வெள்ளிக்கிழமை காலையில் சிஜு ஒரு சரக்கு ஆட்டோவில் பலகைகளோடு வந்து இறங்கினான். குழிகளில் கசிவு இருந்தது, தளும்பல் இல்லை. கரை சரியாமல் நின்றது. ஆழத்தை நம்ப வேண்டாம், சேற்றில் ஆழம் மட்டும் போதாது என்று சிஜு சொன்னான். ஒவ்வொரு கம்பின் அடியிலும் பழைய படகுப் பலகையைச் சிலுவை மாதிரி குறுக்கே வைத்து அறைந்தான். பலகை பாதம்போல உட்கார்ந்துகொண்டால் கம்பு அமிழாது. அதன் மேல் ஓட்டுத்துண்டைக் கொட்டி இடித்தார்கள். முத்துராமலிங்கம் இடிக்கிறவரானார். மூட்டை தூக்கிப் பழகிய தோள் அன்றைக்கு இறங்கி இறங்கி ஏறியது. இருளாயி ஒவ்வொரு குழியிலும் முதலில் ஒரு சொட்டுப் பால் விட்டாள். நேரம் பார்க்கவில்லை. ராகு காலம் வந்து போனதுகூட அவளுக்குத் தெரியாது.

விழுந்த முதல் கம்பை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. பூசை செய்த கம்பை மறுபடி குழியில் இறக்க முத்துராமலிங்கத்துக்குத் தயக்கம். தூக்கிப் போட இருளாயிக்கு மனமில்லை. சிஜு அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, கூட்டத்தில் நல்ல நேரான மரம் இதுதான் என்றான். அதைக் கூரை மோட்டுக்கு ஏற்றுவதாக முடிவானது. குழிக்கு அவன் வேறொரு கம்பு கொண்டுவந்தான். சாயங்காலம் மயிற்பீலி சூடிய குழந்தைகளின் ஊர்வலம் கொட்டு முழங்கத் தெருவில் போனபோது எட்டுக் கம்பும் நின்றுகொண்டிருந்தன. இருளாயி சேற்றுக் கையோடு ஓடிப்போய், ஊர்வலத்தின் கடைசிக் கண்ணன் மூலை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இடக்கொச்சிக்காரர் வந்தார். கம்புகளைச் சுற்றி நடந்து, ஒன்றைப் பிடித்து ஆட்டியும் பார்த்தார். அசையவில்லை. முத்துராமலிங்கம் அவருக்குச் சாயா வாங்கிக் கொடுத்து, கார்த்திகை கழியட்டும் என்று சொல்லி அனுப்பினார். கெடு இன்னும் இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். தண்ணீர் வந்து பார்க்காமல் யார் என்ன சொல்ல முடியும்?

மேடு எழுப்ப ஐப்பசி முழுக்க ஆயிற்று. வேலை முடிந்து வரும்போதெல்லாம் இருளாயி தள்ளுவண்டியில் ஓட்டுத்துண்டு கொண்டுவந்து கொட்டுவாள். முத்துராமலிங்கம் கிட்டங்கியிலிருந்து கிழிந்த சணல் சாக்குகளைக் கேட்டு வாங்கி வந்தார். பலகையும் தகரமும் அடித்து முடித்து, மேட்டின் மேல் சாக்கு விரித்தபோது தொழுவம் முழுக்க மிளகு வாசனை. அம்மிணி முதல் தடவை சரிவுப் பலகையில் ஏறியதும் இரண்டு தும்மல் போட்டது. தும்மினால் நல்லதா கெட்டதா என்று பார்க்க மாதுரி தேதித்தாளை எடுக்கப் போவதுபோலப் பாசாங்கு செய்தாள்.

கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் வந்தது. விடிந்தும் விடியாததுமாக இருளாயி கழுநீர்ச் செம்போடு பின்கதவைத் திறந்தபோது வாசற்படியை அது நனைத்துக்கொண்டிருந்தது. தோட்டுக்கும் முற்றத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அவள் முழங்கால் வரைக்கும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் கம்புகளைச் சுற்றி வந்து, பலகையில் மோதி, ஒரு சாண் கீழேயே நின்றது. மேலே அம்மிணி படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் பின்காலை ஊன்றி, தலையை முன்னால் தள்ளி எழுந்தது. சாம்பல் கோடு போட்ட இடம் வரைக்கும்தான் தலை போயிற்று. இருளாயி சாக்கைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. செம்பைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினாள்.

தண்ணீர் வடியத் தொடங்கிய ஒரு பகலில் அம்மிணி கன்று போட்டது. பெண் கன்று. இருளாயி வேலையிலிருந்து ஓடி வந்தபோது முத்துராமலிங்கம் அன்றைக்கு மூட்டைக்குப் போகாமல் தொழுவத்தில் உட்கார்ந்திருந்தார். கன்று நாலு காலையும் நாலு பக்கம் பரப்பிக்கொண்டு எழுந்தது. விழுந்தது. மறுபடி எழுந்தது. அவர் அதைத் தாங்கிப் பிடிக்கப் போனார். அதற்குள் அது தானாகவே நின்று, தாயின் மடியைத் தப்பான பக்கத்தில் தேடிக்கொண்டிருந்தது. அவர் இடுப்பு வேட்டியிலிருந்து கைப்பேசியை எடுத்து இடக்கொச்சிக்காரரைக் கூப்பிட்டு, மாடு கொடுக்கிறதாக இல்லை, மன்னிக்கணும் என்று இரண்டு வார்த்தை சொல்லி வைத்துவிட்டார்.

பிறகு தொழுவத்தை மேலும் கீழும் பார்த்தார். மோட்டில் கிடந்த முதல் கம்பில் மஞ்சள் துணி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கன்று படுக்கப் போட்ட வட்டத்தின் பக்கம் போய்க் காலால் அளந்தார்.

"இது வளந்தா இந்த எடம் பத்தாது புள்ள. இந்தப் பக்கம் இன்னும் ரெண்டு கால் போடணும்" என்றார். குழந்தையிடம் கேட்பதுபோல மெல்லக் கேட்டார்: "அடுத்த அஷ்டமி என்னைக்குன்னு பாரு."